மலைவீட்டில் மாண்டரின்: பிள்ளையின் காதுக்கு யார் பேச்சு, எவ்வளவு, எப்படி

நீலகிரியில் வளரும் பிள்ளைக்கு ஒரே மொழி என்பதுதான் அபூர்வம். படுகர் ஊரான ஹட்டியில் படுகு, மார்க்கெட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், கூடலூர்ப் பக்கம் என்றால் மலையாளமும் சேரும். இந்தக் கூட்டத்தில் சீனாவின் பொதுமொழியான மாண்டரினையும் சேர்க்க நினைக்கும் பெற்றோர் இப்போது இருக்கிறார்கள். சிலருக்குச் சீனாவின் ஷென்சென்னிலோ சிங்கப்பூரிலோ வேலை. சிலர் அங்கிருந்து திரும்பியவர்கள். சில வீடுகளில் அம்மாவோ அப்பாவோ மலேசியச் சீனர். எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த வயசுல ஆரம்பிக்கணும்?" என்றுதான். வயது முக்கியம்தான். ஆனால் பிள்ளையின் பேச்சுச் சாயலை, அதாவது ஆக்சென்ட்டை, அதைவிட அதிகம் தீர்மானிப்பவை வேறு மூன்று: யார் வாயிலிருந்து கேட்கிறது, வாரத்துக்கு எவ்வளவு நேரம் கேட்கிறது, கேட்டதற்குத் திருப்பிப் பேச ஆள் இருக்கிறதா. வாய்ப் பயிற்சி இவற்றுக்குப் பிறகுதான்.

வயதைப் பற்றித் தெரிந்தவை

ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, நம் த-ட வேறுபாட்டைப் போன்ற இந்தி ஒலிகளை வைத்துச் செய்யப்பட்டது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் அந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் இழந்துவிட்டன. நம் குழந்தைகளுக்குத் த-ட தங்கிவிடுகிறது, தினமும் காதில் விழுவதால். கேட்காத ஒலிகள் மங்குகின்றன.

பாட்ரிசியா குல் குழுவினர் 2003-ல் வெளியிட்டது நேரடியாக மாண்டரினைப் பற்றியது. சியாட்டிலில் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், படம் காட்டிப் பேசினார்கள். 4 வாரம், 12 அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்தான். அந்தக் குழந்தைகள் ஒரு மாண்டரின் ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் காணொலியிலோ ஒலிப்பதிவிலோ மட்டும் கேட்ட குழந்தைகளுக்கு எந்தப் பலனும் இல்லை. கைக்குழந்தைக்குச் சீன கார்ட்டூன் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும்.

சீனாவில் பிறந்து, சுமார் ஒரு வயதில் கனடாவின் கியூபெக்கில் உள்ள பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போன சிறுமிகளை ஆராய்ந்த 2014-ம் ஆண்டு ஆய்வும் உண்டு. அவர்களுக்குச் சீனம் ஒரு சொல்கூட நினைவில்லை. ஆனாலும் சீனத் தொனிகளை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, கேட்டபோது அவர்கள் மூளை இயங்கிய விதம், சீனமும் பிரெஞ்சும் பேசும் பிள்ளைகளுடையதை ஒத்திருந்தது. ஆகவே, சிங்கப்பூரில் ஆயாவிடம் சீனம் கேட்டு வளர்ந்து, கோத்தகிரிக்கு வந்ததும் மறந்துபோன பிள்ளையைப் "புதுசா ஆரம்பிக்கிறவன்" என்று எண்ண வேண்டாம். கேட்டதன் சுவடு உள்ளே இருக்கும்.

எட்டு, பத்து வயதில் தொடங்குவதும் தாமதமல்ல. அந்த வயதுப் பிள்ளை சொல்லையும் வாக்கிய அமைப்பையும் சின்னக் குழந்தையைவிட வேகமாகப் பிடிக்கும். ஒலியில் மட்டும், தானாக வராததைத் திட்டமிட்டுக் கேட்கவைக்க வேண்டியிருக்கும்.

முதல் வேலை: ஒரு வாரக் கணக்கு

ஆசிரியரைத் தேடும் முன் ஒரு நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள். யார் பேசினார், எந்த மொழி, நேரிலா திரையிலா, எத்தனை நிமிடம், பிள்ளை பதில் சொன்னதா. ஐந்து நெடுவரிசை போதும்.

பிள்ளை விழித்திருப்பது நாளுக்கு 12 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 84. ஒரு மொழியைப் பிள்ளை தானே விரும்பிப் பேச, விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அந்த மொழி வேண்டும் என்பது இருமொழிக் குடும்பங்களில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது சுமார் 17 மணி நேரம். சீனம் பேசும் அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் இது எளிது. ஆன்லைன் வகுப்பு மட்டும் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தேறும். அதாவது நூற்றுக்கு இரண்டரைப் பங்குகூட இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் தொனிகளைச் சரியாகக் கேட்கும் காது, தெளிவான ஒலிகள், அன்றாட வாக்கியங்கள் ஆகியவற்றைக் கொடுக்க முடியும். பெய்ஜிங் பிள்ளையின் சாயலைக் கொடுக்க முடியாது. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தால், பிறகு பிள்ளையைக் குறை சொல்ல நேராது.

யாருடைய மாண்டரின்?

மாண்டரின் எங்கும் ஒரே மாதிரி இல்லை. பெய்ஜிங் பேச்சில் பல சொற்களின் முடிவில் நாக்கு வளைந்து ஒரு ழகரச் சாயல் ஏறும். தைவான், சிங்கப்பூர், மலேசியப் பேச்சில் அது அரிது; நாக்கு வளைத்துச் சொல்ல வேண்டிய ஷகரமும் ஸகரத்தை நெருங்கிவிடும். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. வீட்டில் மலேசியச் சீனப் பாட்டி இருந்தால் அவர் பேச்சே பிள்ளைக்கு முதல் மாதிரி. வகுப்பு ஆசிரியர் வட சீனர் என்பதற்காகப் பாட்டியைத் திருத்தச் சொல்லாதீர்கள். பாட்டி பேசுவதையே நிறுத்திவிடுவார், வாரத்துக்குப் பல மணி நேரம் போய்விடும்.

யாரும் இல்லாத வீட்டில் ஒரு வகையை முதன்மையாகத் தேர்ந்துகொண்டு, அதற்குள் பல குரல்களைக் கேட்கவையுங்கள். ஃப்ளோரிடாவில் ஸ்பானிஷ்-ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த பிளேஸ், ஹாஃப் இருவரும் 2011-ல் காட்டியது இது: எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதோடு, எத்தனை பேரிடம் கேட்கிறது, அவர்களில் தாய்மொழியாகப் பேசுபவர் எவ்வளவு என்பதும் தனித்தனியே பலன் தந்தன. 1999-ல் அமெரிக்க மாணவர்களுக்கு மாண்டரின் தொனி கேட்கும் பயிற்சி கொடுத்த ஆய்விலும் பல குரல்களைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டு வாரத்தில் எட்டு அமர்வு. தொனியை அடையாளம் காணும் திறன் 21 சதவீதம் கூடியது, ஆறு மாதம் கழித்தும் நிலைத்தது. ஒரே ஆசிரியையிடம் மட்டும் கேட்கும் பிள்ளை, அந்த அம்மாவின் குரலில் தொனி எப்படி இருக்கும் என்பதை மனப்பாடம் செய்கிறது; வேறொருவர் பேசினால் திணறுகிறது. ஆண் குரல் ஒன்று, பெண் குரல் இரண்டு, பிள்ளைக் குரல் ஒன்று எனக் குறைந்தது நான்கு குரல் இருக்கட்டும். பள்ளி வயதில் சாயல் பெரியவர்களைவிட விளையாட்டுத் தோழர்களையே பின்பற்றும் என்பதால், அந்தப் பிள்ளைக் குரலைத் தேடிப் பிடிப்பது வீணாகாது.

ஆசிரியரைச் சேர்க்கும் முன் 30 நிமிட மாதிரி வகுப்பைப் பதிவு செய்து, அதில் மாண்டரின் எத்தனை நிமிடம், ஆங்கிலம் எத்தனை நிமிடம், பிள்ளை வாய் திறந்தது எத்தனை முறை என்று எண்ணுங்கள். ஆங்கிலம் பாதிக்கு மேல் போனால் வேறு ஆள் பாருங்கள். சீனா, தைவான், சிங்கப்பூர், மலேசியா நான்கும் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியவை. மாலை 5 மணி வகுப்பு அவர்களுக்கு இரவு 7.30; அதற்கு மேல் தள்ளினால் அங்கே பிள்ளைகள் தூங்கப் போய்விடுவார்கள். சீனர்கள் அதிகம் பயன்படுத்தும் வீசாட் செயலி 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆகவே ஜூம் போன்றவற்றில் வரச் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒலி சரியாக வந்து சேர

சாதாரண செல்போன் அழைப்பு, குரலின் உயர் அதிர்வுகளை வெட்டிவிடும். பழைய தொலைபேசி அளவு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். தொனிக்கு அது போதும்; ஸ, ஷ வேறுபாட்டுக்குப் போதாது, ஏனென்றால் ஸகரத்தின் சீறல் அதற்கு மேலே இருக்கிறது. சிக்னல் மோசமான நாளில் போனில் தொனி விளையாட்டு மட்டும் வைத்துக்கொண்டு, சீறும் ஒலிகளை நல்ல இணைப்புள்ள நாளுக்கு ஒதுக்குங்கள். ஜூமில் இரைச்சல் நீக்கம், மூச்சுக் காற்றையும் இரைச்சல் என்று கருதி அடக்கிவிடக்கூடும். 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டு, கம்பி வைத்த ஹெட்போன் கொடுங்கள். தகர ஷீட் போட்ட லைன் வீடுகளில் மழை நேரத்தில் பதிவு செய்யவே முடியாது. கூடலூரில் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மின்வெட்டுக்குத் தயாராக, வாரப் பாடத்தின் ஒலிப்பதிவை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

தமிழ்க் காது கொடுப்பதும் கெடுப்பதும்

ஆங்கில வழியாகச் சீன ஒலிகளைக் கற்பிக்கும் பாடங்களைவிட நம் பிள்ளைக்குத் தமிழ் வழி எளிது. ஏன் என்று பெற்றோருக்குத் தெரிந்தால் பாதித் திருத்தம் வீட்டிலேயே நடக்கும். (கீழே சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண், நான்கு தொனிகளில் எது என்பதைக் குறிக்கும்; அவற்றின் விவரம் பின்னால் வருகிறது.)

சொல் முதலில் வரும் நம் ப, த, க மூன்றும் அதிர்வில்லாத, மூச்சுத் தள்ளாத ஒலிகள். மாண்டரினில் ஒரு வரிசை அப்படியே இதுதான். இரண்டாவது வரிசை அதே ஒலி, பின்னால் பலமான மூச்சோடு. இந்த மூச்சு தமிழில் பொருளை மாற்றாது, மாண்டரினில் மாற்றும். "தூட்ஸ4 பாவ்3 ல" என்றால் வயிறு நிறைந்தது. "த்ஹூட்ஸ4 ப்ஹாவ்3 ல" என்றால் முயல் ஓடிப்போயிற்று. தொனி உட்பட எல்லாம் ஒன்று, மூச்சு மட்டுமே வேறு. சீனப் பாடங்களில் பழகிய இந்த ஜோடிதான் நம் பிள்ளைகளுக்கும் முதல் பயிற்சி. டிஷ்யூத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு முன் நான்கு விரற்கடைத் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முயலுக்குத் தாள் ஆட வேண்டும், வயிற்றுக்கு அசையக் கூடாது.

த-வை ட ஆக்குவது அடுத்த தவறு. ஆங்கிலத்தின் வழியாக வரும்போது நாக்கு தானாக மேலே போய்விடும். 'தம்பி'யின் த எங்கே பிறக்கிறதோ அங்கேயே வைக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

பந்து, தங்கம், பஞ்சு என்று மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் அதிரவைத்துச் சொல்கிறோம். அதே பழக்கம் சீனச் சொற்களிலும் ஏறும். சீனாவின் பெயரிலேயே ங்-க்குப் பின் க வருகிறது. அதை 'தங்கம்' போல் சொல்வது தமிழ்ச் சாயல். கேட்பவருக்குப் புரியும், பொருள் மாறாது. எனவே இதைக் கடைசியில் திருத்தினால் போதும். முதல் ஆண்டில் பொருளை மாற்றும் தவறுகளை மட்டும் பிடியுங்கள்.

ழகரம் நமக்குக் கிடைத்த வரம். மாண்டரினில் சூட்டைக் குறிக்கும் சொல்லும் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லும் முதல் ஒலியில்தான் வேறுபடுகின்றன. ஒன்றில் கிட்டத்தட்ட நம் ழ, மற்றதில் ல. பிள்ளை தமிழிலேயே 'பளம்', 'மளை' என்று சொன்னால் அந்த ளகரம் சீனத்துக்கும் போகும். அப்போது முதல் வேலை தமிழ் ழகரத்தைத் திருத்துவது. ஒன்றில் எச்சரிக்கை தேவை: நம் ட, ழ இரண்டுக்கும் நாக்கின் நுனி நன்றாகப் பின்னால் மடியும், சீனத்தின் நாவளை ஒலிகளுக்கு அவ்வளவு மடிப்பு கூடாது. நுனி பல்லீறுக்குச் சற்றுப் பின்னால் நிமிர்ந்து நின்றால் போதும். அதிகமாக மடித்தால் ஒலி கனத்து, உடனே வெளியூர்ப் பேச்சாகத் தெரியும்.

'பச்சை'யில் உள்ள ச்ச ஒலிதான் மாண்டரின் கோழிக்கு: ச்சீ1. அதோடு மூச்சைத் தள்ளினால் ஏழு. ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை ஜகரமாக்குவதுதான் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை.

ஈ சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ஊ சொல்வதுபோல் குவித்தால் வரும் உயிர் ஒன்று உண்டு. அது இல்லாமல் போனால் பச்சை நிறத்தைக் குறிக்கும் சீனச் சொல், சாலையைக் குறிக்கும் சொல்லாகிவிடும். கண்ணாடி முன் ஐந்து முறை செய்தாலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

சொல்லை மெய்யில் முடிக்கத் தயங்கி ஒரு குட்டி உகரம் சேர்ப்பது நம் பழக்கம். கட்டிலைக் குறிக்கும் ச்ஹுவாங்2, 'ச்ஹுவாங்கு' ஆகும்; படகைக் குறிக்கும் ச்ஹுவான்2, 'ச்ஹுவான்னு' ஆகும். ங், ன் இரண்டையும் திறந்த வாயோடு நீட்டி, சத்தத்தை அப்படியே தேயவிடச் சொல்லுங்கள்.

தோடர் குடியிருப்புகளான மந்துகளில் தோடா மொழி கேட்டு வளரும் பிள்ளைக்கு இவற்றில் பல ஏற்கெனவே கையிருப்பு. தோடாவில் நான்கு வகைச் சீறொலிகள் உண்டு, உதடு குவித்த ஈகாரமும் 'ட்ஸ' ஒலியும் உண்டு. மூன்றும் மாண்டரினுக்கு வேண்டியவை, மூன்றும் தமிழில் இல்லாதவை. நாக்கு வளைத்துச் சொல்லும் உயிர்களைப் படுகு மொழியில் மொழியியலாளர் எமனோ 1939-ல் பதிவு செய்தார்; இன்றைய இளையவர் பேச்சில் அவை பெரும்பாலும் தேய்ந்துவிட்டன, பெய்ஜிங் பேச்சின் சொல் முடிவுகளில் கேட்பது அந்த வகை ஒலியே. சீனத்துக்காக வீட்டில் படுகையோ தோடாவையோ நிறுத்தும் பெற்றோர், உதவக்கூடிய காதையே அடைக்கிறார்கள்.

தொனிகள்

சீனக் குழந்தைகளும் மெய்யொலிகளுக்கு முன்பே தொனியைப் பிடிக்கின்றன. முதல் தொனியும் நான்காம் தொனியும் முந்தும், இரண்டும் மூன்றும் குழம்பும். நாமும் அதே வரிசையில் போகலாம்.

தொனி நமக்கு அந்நியமல்ல. கதை கேட்கும் பிள்ளை "ம்" கொட்டும்போது குரல் கீழே விழுகிறது, புரியாமல் "ம்?" என்னும்போது மேலே ஏறுகிறது. முன்னது நான்காம் தொனி, பின்னது இரண்டாம் தொனி. டாக்டரிடம் வாயைத் திறந்து உயர்ந்த குரலில் "ஆஆ" என்று சமமாக நீட்டுவது முதல் தொனி. மூன்றாவதை 'இறங்கி ஏறும்' என்று படம் போட்டுக் கற்பிப்பதால்தான் வில்லங்கம். தொடர்ந்து பேசும்போது அது பெரும்பாலும் ஏறுவதே இல்லை. குரலின் அடித்தளத்தில் கிடக்கும், சில சமயம் கரகரக்கும். "கீழே வை" என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். மூன்றாம் தொனியே இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாகும். வணக்கச் சொல்லான 'நி ஹாவ்' அப்படித்தான் ஒலிக்கிறது. அதை விதியாகச் சொல்லாமல் அப்படியே கேட்கவையுங்கள்.

விளையாட்டு இது. மாய்3 என்றால் வாங்கு, மாய்4 என்றால் விற்பது. மார்க்கெட்டில் கேரட் வாங்கும் படம் ஒன்று, விற்கும் படம் ஒன்று. நான்கு குரல்களின் பதிவை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிள்ளை படத்தைத் தொடட்டும், சொல்ல வேண்டாம். நாளுக்கு ஐந்து நிமிடம், பத்துக் கேள்வி. இரண்டு நாள் தொடர்ந்து ஒன்பது சரியானால் அடுத்த ஜோடி. அதன் பிறகே வாயால் சொல்லவைப்பது. தனி அசைகளில் நிற்காமல் சீக்கிரமே ஈரசைச் சொற்களுக்குப் போங்கள். பேச்சில் வருபவை பெரும்பாலும் அவைதான்.

இரண்டு பழக்கங்கள் தொனியைக் கொன்றுவிடும். ஒன்று, வகுப்பே சேர்ந்து ஒரே ராகத்தில் ஒப்பிப்பது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே மெட்டு விழுந்தால் தொனி எங்கே நிற்கும்? மற்றது, "வந்தாச்சா?" என்பதுபோல் கேள்வியின் முடிவில் குரலைத் தூக்குவது. வாக்கியக் கடைசியில் வரும் நான்காம் தொனி இப்படித்தான் இரண்டாவதாகக் கேட்கிறது. கேள்வி வாக்கியங்களை இரண்டு மாதம் தள்ளிப்போடுவது நல்லது.

பின்யின் எப்போது

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறைதான் பின்யின். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை ரோமன் எழுத்தைப் பார்த்ததும் ஆங்கில ஒலியைத்தான் எடுக்கும். காது பழகும் முன் எழுத்து வந்தால், கேட்டது போய்ப் பார்த்தது வாயில் உட்காரும். குறைந்தது மூன்று மாதம் எழுத்தே இல்லாமல், படமும் பேச்சுமாகப் போகட்டும். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதும் பிள்ளைக்கு வேண்டாம். மேலே தமிழில் எழுதியது பெற்றோர் பார்வைக்கு மட்டும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம்

நேரடி உரையாடல் வாரத்தில் நான்கு நாள், 25 நிமிடம். ஒரு மணி நேரமாக நீட்டினால் கடைசிப் பாதி வீண். தினமும் ஐந்து நிமிடம் படம் தொடும் விளையாட்டு. ஒரே சிறு கதை, 3 நிமிடத்துக்குள், வாரம் முழுவதும் தினம் இரண்டு முறை. அடுத்த வாரம் அதே கதை வேறு குரலில். கை கழுவுவது, காலணி போடுவது போன்ற இரண்டு வேலைகளுக்கு மாண்டரின் வாக்கியம், ஆசிரியர் குரலில் பதிந்தது. பெற்றோர் தாங்களும் கற்றுப் பேசலாமா? பேசலாம், பிள்ளை பதில் சொல்லும் பழக்கம் வளரும். ஆனால் ஒலிக்கு மாதிரி எப்போதும் பதிவுதான்.

மாதம் ஒரு முறை சோதனை

பன்னிரண்டு சொற்களைப் படம் காட்டிச் சொல்லவைத்துப் பதியுங்கள். மேலே கண்ட ஜோடிகளே போதும். பட்டியலைப் பார்க்காத ஒரு மாண்டரின் பேச்சாளருக்கு அனுப்பி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். "நல்லா பேசுறான்" என்ற பாராட்டு எதையும் காட்டாது. அவர் முயலை வயிறு என்று எழுதினால் அடுத்த மாத வேலை என்ன என்று தெரிந்துவிடும். கணினி உள்ளவர்கள் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் ப்ராட்-இல் அந்தப் பதிவைத் திறந்து தொனியின் கோட்டைப் பார்க்கலாம். பிள்ளைக் குரலுக்கு எல்லையை 100 முதல் 600 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். எண்களை விட்டுவிட்டு, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

தொடர்ந்து இரண்டு மாதம் முன்னேற்றமே இல்லை என்றால் கற்பிக்கும் முறையைச் சந்தேகிக்கும் முன் காதைச் சந்தேகியுங்கள். மலைக்குளிரில் அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்து, கேட்கும் திறன் வாரக்கணக்கில் குறையலாம். தமிழில் ஊகித்துச் சமாளிக்கும் பிள்ளை மாண்டரினில் ஊகிக்க முடியாமல் நிற்கும். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு, ஏழு வயதில் முன்பல் விழுந்திருந்தால் ஸகரத் திருத்தத்தைப் புதுப் பல் முளைக்கும்வரை ஒத்திவையுங்கள். நாவளை ஷகரமும் ஸகரமும் சீனக் குழந்தைகளுக்கே நான்கு வயது தாண்டியும் சரிவர அமையாதவை. ஐந்து வயதில் அது கலங்கினால் குறையாக எண்ண வேண்டாம். உறவினர் முன் "சைனீஸ் பேசிக் காட்டு" என்று சொல்லி, தவறு வந்ததும் எல்லோர் எதிரிலும் திருத்துவதை மட்டும் எந்த வயதிலும் செய்யாதீர்கள். பிள்ளை தப்பாகச் சொன்ன சொல்லை, ஆசிரியர் தம் அடுத்த வாக்கியத்தில் சரியாகச் சொல்லிக் கேட்கவைத்தால் போதும்.